இதில் எது நமக்குப் பக்கம்

பெட்டி பெயர் கேட்கிறது. கறுப்புத் திரையின் மூலையில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு சிமிட்டிச் சிமிட்டி நிற்கிறது, வீட்டில் யாருங்க என்று கேட்டுவிட்டு வாசலிலேயே நிற்கிற ஆள் மாதிரி. பெயரைக் கொடுத்தால் திசை கேட்கும். அதைக் கொடுத்தால் இன்னொரு திசை கேட்கும், பக்கவாட்டுக்கு ஒன்று, மேலுக்கும் கீழுக்கும் ஒன்று. அப்புறம் தூரம். நான்கையும் கொடுத்துவிட்டால் ஒரு புள்ளி வைக்கும், வைத்துவிட்டு மறுபடி பெயர் கேட்கும். மில்லில் என்னோடு வேலை பார்த்த தேவசகாயம் இந்தக் கம்ப்யூட்டருக்கு எழுதிவைத்த வரிசை இது. அவனுக்கு எல்லாமே வரிசையாக வேண்டும். மில்லில் மோட்டாரைப் பிரித்தால்கூட போல்ட்டு நட்டுகளைக் கழற்றின வரிசையில் துணிமேல் அடுக்கிவைப்பான், யாராவது காலால் தட்டிவிட்டால் அன்றைக்கு முழுக்க வைவான். நடுவில் சூரியன், சுற்றிலும் அக்கம்பக்கத்து நட்சத்திரங்கள், அம்புக்குறிப் பொத்தானை அமுக்கினால் மொத்தமும் திரும்பும், அந்தப் பக்கமிருந்தும் பார்க்கலாம், அடியிலிருந்தும் பார்க்கலாம், அப்படியொரு படம். படம் போடுகிற வேலையை எல்லாம் அவன் முடித்துவிட்டான். போடுவதற்கு நட்சத்திரம்தான் இல்லை. அதற்குள் மகன் வந்து புனாவுக்குக் கூட்டிப்போய்விட்டான். ரயிலுக்குப் போகிற அவசரத்தில் பெட்டியை என் வீட்டில் இறக்கிவைத்து, "நீ தேடிப் போடுடா" என்று சொன்னதுதான், அதற்கப்புறம் அவன் என்னை நேரில் பார்க்கவில்லை. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போய்வந்து சாப்பிட்டு முடித்ததும் பியூலா போன் போட்டு அவனிடம் கொடுக்கும். அவன் மருமகள், நல்ல பிள்ளை. போன வாரம் அவனிடமிருந்து போனை வாங்கிக்கொண்டு வெளியே எங்கேயோ வந்து, குரலைத் தாழ்த்தி, "அங்கிள், தப்பா நினைக்காதீங்க. உங்ககூடப் பேசி முடிச்சா மாமா அன்னைக்குப் பூரா அழறாரு. யாரோ கூப்பிட்டாங்களே, யாருன்னு தெரியலையேன்னு தலையைப் பிடிச்சுக்கிறாரு. எங்களால பார்க்க முடியல. இன்னும் ஒரு வாரம் பார்ப்போம். அப்பவும் உங்களைத் தெரியலைன்னா போன் வேண்டாம் அங்கிள், அவரு எப்படி இருக்காருன்னு நானே உங்களுக்குச் சொல்லிடறேன்" என்றது. சரிம்மா என்றேன்.

ஸ்பின்னிங்கில் என் வேலை அறுந்த நூலை ஒட்டுவது. ஓடுகிற மிஷினில் நூல் அறுந்தால் அறுந்த நுனி எங்கேயோ போய்ப் பஞ்சோடு சுற்றிக்கொள்ளும், கண்ணால் தேடினால் கிடைக்காது, விரலால் தடவினால் கிடைக்கும். நுனி கிடைத்துவிட்டால் போதும், ஒரு சுண்டு, ஒட்டிக்கொள்ளும். தேவசகாயத்தின் தலைக்குள்ளேயும் ஒரு நுனி இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். பெண்சாதி செத்ததை மறந்துவிட்டான், அவள் எங்கே என்று கேட்கிறானாம். புனாவில் இருக்கிறோம் என்பதை மறந்துவிட்டான். ஆனால் சாப்பிட்ட தட்டில் பருக்கையை ஒவ்வொன்றாக எடுத்து வட்டமாக வைத்து நடுவில் ஒரு மிளகை வைக்கிறான் என்று பியூலா சிரித்துக்கொண்டே சொல்லிற்று ஒரு நாள். அது விளையாட்டு என்று நினைக்கிறது அந்தப் பிள்ளை. எனக்குத் தெரியும் அது என்னவென்று. அந்த மிளகு சூரியன். அதுதான் நுனி. படம் ஆயிடுச்சுடா, எல்லாத்தையும் போட்டுட்டேன்டா என்று சொன்னால் அந்த நுனியைப் பிடித்துக்கொண்டு என்வரைக்கும் வந்துவிடுவான். வந்துவிட வேண்டும். அதற்குத்தான் இந்த ஒற்றை விரலால் நேற்றிலிருந்து தட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் படம் சரியில்லை. எங்கேயோ கோளாறு. முதலில் எல்லாப் புள்ளியும் சூரியன் மேலேயே ஒட்டிக்கொண்டு ஒரே திட்டாக இருந்தது, கடுகை அள்ளிக் குவித்தாற்போல. பெரிதாக்குகிற பொத்தானை அமுக்கி அமுக்கி விரித்தேன். விரிந்தது. விரிந்த பிறகு பார்த்தால், நான் அச்செடுத்து வாங்கிவந்த நட்சத்திரப் பேப்பரில் முதலாவதாக இருக்கிறது, முதலில் எழுதியிருப்பதால் நமக்குப் பக்கம் அதுதான் என்று நான் நினைத்தது, படத்தின் கடைசி விளிம்பில் போய் உட்கார்ந்திருக்கிறது. பட்டியலின் அடியில் கிடந்ததெல்லாம் சூரியன் மடியில் ஏறிக்கொண்டது. அழித்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் அப்படியே. அம்புக்குறியை அமுக்கித் திருப்பிப் பார்த்தேன், தலைகீழாகப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் பக்கத்தில் இருக்க வேண்டியவன் தூரத்தில்தான் நிற்கிறான். நான்தான் கெடுத்துவிட்டேனோ. ஏதாவது பொத்தானைத் தெரியாமல் அமுக்கி அவன் எழுதினதில் ஒரு எழுத்தைத் தின்றுவிட்டேனோ. இருக்கிற ஒரே நுனியையும் நானே அறுத்துவிட்டால் அப்புறம் எங்கே போய்த் தடவுவது.

இத்தனைக்கும் ஆரம்பித்தது நான். மில் ஓடிக்கொண்டிருந்த காலம், கேட்டில் ஷிஃப்டு மாறுகிற நேரம், கரண்ட் போய்விட்டது, சிங்காநல்லூர் மொத்தமும் இருட்டு. மேலே அப்படி ஒரு கூட்டம். டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. எல்லாரும் கரண்டைத் திட்டிக்கொண்டிருந்தார்கள், இவன் மட்டும் அண்ணாந்து நின்றான். "அதா பாரு, வரிசையா மூணு. அதுக்குக் கீழ அக்கட்ட பளபளன்னு ஒண்ணு, அது சீரியஸ்னு ஒரு நட்சத்திரம்." அவனுக்குப் பெயரெல்லாம் தெரியும், படித்தவன், ஐடிஐ. எனக்கு எதையாவது கேட்டுவைக்க வேண்டுமே என்று, "இதுல எதுடா நமக்குப் பக்கம்?" என்று கேட்டேன். சும்மா கேட்டேன். பக்கத்து வீடு எது, எதிர் வீடு எது என்று கேட்பது மாதிரி. "பளபளன்னு இருக்கறதெல்லாம் பக்கம்னு இல்லடா" என்றான். "அப்ப எது?" "தெரியலையே." தேவசகாயம் தெரியலையே என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். பேசாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தவன் லைன் வீட்டு முக்கில் நின்று, கட்டை விரலை நீட்டு என்றான். நீட்டினேன். ஒரு கண்ணை மூடு. மூடினேன். இப்ப மறு கண்ணை மூடு. "விரல் குதிக்குதா?" குதித்தது. மில் புகைபோக்கிக்கு இந்தப் பக்கம் இருந்தது அந்தப் பக்கம் போயிற்று. "கண்ணாடி போட வயசாயிடுச்சுடா எனக்கு" என்றேன். "அட கெரகமே, கண்ணு இல்லடா, அளவு, அளவு. இதை வெச்சுத்தான் அளக்கறான்." நான் சிரித்தேன். கட்டை விரலை வைத்து வானத்தை அளக்கிறவன் கூடத்தான் நான் தினமும் டீ குடிக்கிறேனா என்றேன். போடா கூமுட்டை என்றான். மில்லை மூடி ரொம்ப நாள் கழித்து, யாரோ ஆபீசில் கழித்துப் போட்ட இந்தப் பெட்டியை வாங்கிவந்து, வாரம் மூன்று நாள் கிளாஸுக்குப் போய், சின்னப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டு வந்தான். எதுக்குடா இந்த வயசில் என்றால், "நீ கேட்டியே, பக்கத்துல எதுன்னு. சொல்ல வேண்டாமா?" என்றான். கேட்டவனுக்கே மறந்துபோயிருந்தது அந்தக் கேள்வி.

பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கறிக் குழம்பு, வாசனை சுவரைத் தாண்டி வந்து உட்கார்ந்துகொள்கிறது. நானும் ஏதோ சாப்பிட்டேன் காலையில். ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒரு முறை கிணுக் என்கிறது, என் பெண்சாதி ருக்குமணி இருந்தபோதே கிணுக் என்றது, ஆளைக் கூப்பிட்டுப் பாருங்க என்று அவள் சொன்னாள், அவள் போய் ஆறாவது ஆடி வந்துவிட்டது, அது இன்னும் கிணுக் என்கிறது. அந்தச் சத்தம் இல்லாவிட்டால் எனக்கு இப்போது தூக்கம் வராது. போனை எடுத்துப் பார்த்தேன். சார்ஜ் இருக்கிறது. சத்தம் வைத்திருக்கிறேனா, வைத்திருக்கிறேன். புனாவில் சர்ச் எத்தனை நேரம் நடக்குமோ. ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம் என்று எழுந்துபோனேன், அடுப்படியில் நின்றேன், எதற்கு வந்தேன் என்று தெரியவில்லை. டம்ளர் கண் எதிரில் இருக்கிறது. கை அதைத் தொட்டுக்கொண்டுகூட இருக்கிறது. எதற்கு வந்தேன். இப்படித்தான் அவனுக்கும் ஆரம்பித்திருக்குமோ. முதலில் டம்ளர், அப்புறம் தெரு, அப்புறம் பெண்சாதி, அப்புறம் நான். தண்ணீர், தண்ணீர்தான், தண்ணீருக்குத்தான் வந்தேன். குடித்தேன். குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் பெட்டி பெயர் கேட்கிறது. வெள்ளிங்கிரி என்று அடிக்கலாம்போல ஆத்திரம். போன வாரம் அவனும் அதைத்தான் கேட்டான். "யாருங்க பேசறது?" "நான்தான்டா, வெள்ளிங்கிரி." "வெள்ளிங்கிரியா? அது மலையாச்சுங்களே? மலை எங்கங்க பேசும்?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் எப்போதும் செய்கிற கேலிதான் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன், அடே திருட்டுப் பயலே என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன், அதற்குள் அவன், "நீங்க யாருன்னு சொல்லலீங்களே" என்றான். அந்த 'ங்க'. முப்பது நாற்பது வருஷத்தில் அவன் என்னிடம் ஒரு தடவையும் சொல்லாத 'ங்க'. அது காதிலேயே கிடக்கிறது, காதில் தண்ணீர் புகுந்த மாதிரி, தலையைச் சாய்த்துத் தட்டினாலும் வெளியே வருவதில்லை.

இந்தப் பேப்பரைத் தேடி நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். லைப்ரரியில் போய் நட்சத்திரப் புஸ்தகம் வேணுங்க என்றால் அந்த அம்மாள் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "ராசி பலனா, ஜாதகம் கணிக்கறதா?" என்கிறது. ரெண்டும் இல்லம்மா, நெசமான நட்சத்திரம், தூரம் போட்டிருக்கணும் என்றேன். நெசமான நட்சத்திரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் புஸ்தகத்தில் ஒரு பக்கம் இருந்தது, படம் போட்டு, ரொம்ப ரொம்பத் தொலைவில் உள்ளன என்று எழுதியிருந்தது. அது எனக்கே தெரியும். அப்புறம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பிரவுசிங் சென்டர். அதை நடத்துகிற நசீமா, ரயில் டிக்கெட்டும் ரேஷன் கார்டு வேலையும் பார்க்கிற பெண், நான் கேட்டதைக் கேட்டு மிஷினிலிருந்து கையை எடுத்துவிட்டது. "தாத்தா, இங்க வர்றவங்க எல்லாம் பக்கத்து ஆதார் சென்டர் எங்கன்னு கேப்பாங்க. நீங்க பக்கத்து நட்சத்திரம் கேக்கறீங்க." "கிடைக்குமா, கிடைக்காதா?" "கிடைக்காததுன்னு ஒண்ணு இருக்கா இதுல. இருங்க." தேடிற்று. ஜாதகப் பக்கமாக வந்தது, கல்யாணப் பொருத்தமாக வந்தது, சினிமாக்காரர்கள் வீடு எங்கே இருக்கிறது என்று ஒன்று வந்தது. நசீமா சிரித்துச் சிரித்துத் தள்ளிக்கொண்டே போயிற்று. கடைசியில் படமே இல்லாமல், கலரே இல்லாமல், வெறும் எண்ணாக ஒரு பக்கம். "இதுவா பாருங்க தாத்தா, ஒண்ணுமே இல்லாம மொட்டையா இருக்கு." நான் குனிந்து பார்த்தேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும், கூட்டிக் கூட்டிப் படிப்பேன், அர்த்தம் வராது. ஆனால் வரிசை தெரிந்தது. பெயர். அதற்கடுத்து மணியும் நிமிஷமும், வானத்தில் திசையை மணிக்கணக்கில்தான் சொல்வார்கள் என்று தேவசகாயம் சொல்லியிருக்கிறான், ஷிஃப்டு மாதிரி என்று நான் கேலி பண்ணியிருக்கிறேன். அடுத்தது மேலா கீழா என்கிற பாகை. அடுத்தது ஒரு எண். பெட்டி கேட்கிற அதே வரிசை. பெயர், திசை, திசை, நாலாவது தூரம். இதுதாம்மா, இதேதான் என்றேன். அச்செடுத்துக் கொடுத்தது. கருப்பட்டி மிட்டாய் மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். இதுதான் அவன் கேட்டது. அவன் கேட்ட வரிசையிலேயே வெள்ளைக்காரன் எழுதிவைத்திருக்கிறான். அப்புறம் எங்கே தப்பு வந்தது.

நாலாவதில் எல்லாமே புள்ளி வைத்த எண். முதல் ஆளுக்கு புள்ளி ஏழு ஏழு. அடுத்து புள்ளி ஐந்து ஐந்து. கீழே போகப் போகக் குறைகிறது, அடியில் புள்ளி இரண்டு. குறையக் குறைய பக்கம் என்றுதானே அர்த்தம். அப்படியென்றால் வெள்ளைக்காரன் பட்டியலைத் தலைகீழாக எழுதியிருக்கிறானா, தூரத்து ஆளை முதலில் போட்டு, பக்கத்து ஆளைக் கடைசியில் போட்டு. இருக்கலாம். இல்லை, இருக்காது. சீரியஸ் பக்கம்தான் என்று தேவசகாயம் அப்புறம் கண்டுபிடித்துச் சொன்னானே, கண்ணுக்குத் தெரிகிறதில் பக்கத்து ஆள்களில் அது ஒன்று, மற்றதில் பாதிக்கு மேல் பக்கத்திலேயே இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு மங்கல் என்றானே. பக்கத்தில் இருந்தும் தெரியாது. அன்றைக்கு அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இந்தப் படத்தில் சீரியஸும் தூரத்தில்தான் கிடக்கிறது. என்ன செய்வது. அவன் போனில் கேட்டால் எல்லாம் சரியா வந்துடுச்சுடா என்று சொல்லிவிடலாமா. அவனுக்கா தெரியப்போகிறது. பொய்யைக் கொடுத்து நுனியை இழுப்பதா. இழுத்தால் வருமா. அவன் எதை மறந்தாலும் தப்பான கணக்கை மோந்து பிடித்துவிடுவான், அது மூக்கு, தலை இல்லை. சும்மா கட்டை விரலை நீட்டிப் பார்த்தேன், ஜன்னல் பக்கம். ஒரு கண்ணை மூடினேன், மறு கண்ணை மூடினேன். விரல் ஒரு கம்பியிலிருந்து மறு கம்பிக்குத் தாவியது. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக் கொடியில் காய்கிற சேலை கொஞ்சம்தான் நகர்ந்தது. அதற்கப்பால் தண்ணீர் டேங்க். அது அசையவே இல்லை. விரல், சேலை, டேங்க். மறுபடி. விரல், சேலை, டேங்க். பைத்தியக்காரன் மாதிரி ஒற்றைக் கண்ணும் மறு கண்ணுமாக உட்கார்ந்திருக்கிறேன், யாராவது பார்த்தால் இவனுக்கும் ஆரம்பித்துவிட்டது என்பார்கள். பார்க்கத்தான் யார் இருக்கிறார்கள். இதில் ஏதோ இருக்கிறது. தொண்டைவரைக்கும் வந்து நிற்கிறது. இதை வெச்சுத்தான் அளக்கறான் என்றான், அதற்கு மேல் என்னமோ சொன்னான், நான் சிரித்த சிரிப்பில் அது காதில் விழவில்லை. எந்தச் சத்தத்துக்கு நடுவிலும் எந்த மிஷின் தேய்கிறது என்று கேட்டுச் சொல்லிவிடுவேன் நான், மேஸ்திரியே வந்து என்னைத்தான் கேட்பார். அன்றைக்கு டீக்கடை கிளாஸ் சத்தம்கூட ஞாபகம் இருக்கிறது. அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தை இல்லை.

போன் அடிக்கிறது. அவசரத்தில் பச்சைப் பொத்தானை ரெண்டு தடவை அமுக்கிவிட்டேன். "அங்கிள், சாப்பிட்டீங்களா? மாமா இன்னைக்குக் கொஞ்சம் பரவாயில்ல. குடுக்கறேன். பார்த்து..." பார்த்து என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். போன் கை மாறுகிற சரசர. மூச்சு. அந்த மூச்சு எனக்குத் தெரியும், பீடியை விட்டு இத்தனை வருஷம் ஆகியும் அடியில் ஒரு விசில் இருக்கும் அந்த மூச்சில்.

"ஹலோ. யாருங்க?"

பெயரைச் சொல்ல வாய் வந்தது. சொன்னால் மலை என்பான். சிரிப்பான். அப்புறம் அழுவான். பியூலா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருக்கும். பெட்டி என் முன்னால் சிமிட்டுகிறது.

"நான் கோயமுத்தூருங்க" என்றேன். என் வாயிலிருந்து வந்தது அந்த 'ங்க'. "ஒரு சந்தேகமுங்க. நட்சத்திரப் படம் போட்டேன். தப்பா வருதுங்க."

"என்ன படம்?"

"நடுவுல சூரியன். சுத்தி நட்சத்திரம். பேரு, திசை, திசை, தூரம்னு வரிசையாக் கேக்குது. எல்லாம் குடுத்தேன். பக்கத்துல இருக்கறது தூரத்துல போய் உக்காந்துக்குது. தூரத்துல இருக்கறது மடியில ஏறிக்குது."

போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, விசில் கேட்கிறது. அப்புறம் அவன் குரல் மாறிற்று. கொஞ்சம் கீழே இறங்கிற்று, மோட்டாரைத் தட்டிப் பார்க்கும்போது இறங்குமே, அந்தக் குரல்.

"நாலாவதா என்ன குடுத்தீங்க?"

"பேப்பர்ல இருக்கறதைத்தானுங்க. புள்ளி ஏழு ஏழு."

"அட கெரகமே!" என்றான். எனக்கு முடியெல்லாம் நட்டுக்கொண்டது. "அது தூரம் இல்லய்யா. அது ஆட்டம். கட்டை விரலை நீட்டிக் கண்ணை மாத்தி மாத்தி மூடிப் பாரு. விரல் ஆடுதா? தூரத்துல இருக்கறது ஆடுதா? பூமியோட சூரியனைச் சுத்தி நாம நகர்ந்தா பக்கத்துல இருக்கறவன்தான்யா ஜாஸ்தி ஆடுவான். அந்த ஆட்டத்தைத்தான் அவன் எழுதி வெச்சிருக்கான். ஜாஸ்தி ஆடினா பக்கம். ஒண்ணை அதால வகு, தூரம் வந்துடும். கூமுட்டை, தலைகீழாப் போட்டுட்டு படம் தப்புங்கறே!"

"ஆமாடா" என்றேன். தன்னால் வந்துவிட்டது. "ஆமாங்க. தலைகீழாத்தான் போட்டுட்டேன்."

அவன் சிரித்தான். நெஞ்சிலிருந்து சிரிக்கிற சிரிப்பு, கடைசியில் இருமல் வந்து முடியும். முடிந்தது. நான் காத்திருந்தேன். இதோ வருகிறான், நுனி அகப்பட்டுவிட்டது, இன்னும் ஒரு சுண்டு. யாருடா நீ, வெள்ளிங்கிரியா என்பான். இப்போது சொல்வான். இதோ.

"நீங்க கோயமுத்தூருதானுங்களே?" என்றான்.

"ஆமாங்க."

"அங்க சிங்காநல்லூர்ல, லைன் வீட்டுல, ஸ்பின்னிங்ல இருந்தவன் ஒருத்தன். பேரு... வெள்ளிங்கிரி. அவன்கிட்டதான் பெட்டியைக் குடுத்துட்டு வந்தேன். நட்சத்திரம் தேடிக்கிட்டிருப்பான் பாவம். அவனும் இதே தப்பைத்தான் பண்ணுவான், நான் சொல்லாம வந்துட்டேன், ரயிலுக்கு நேரமாயிடுச்சு. பார்த்தா சொல்லிடறீங்களா? ஒண்ணை அதால வகுன்னு."

ஃபேன் கிணுக் என்றது. அடுத்த சுற்றுக்கு மறுபடி கிணுக் என்றது.

"சொல்லிடறனுங்க" என்றேன்.

"மறந்துடாதீங்க. அவன் கேட்ட கேள்விதான் அது. பக்கத்துல எதுன்னு. நான் பதில் சொல்லணும் அவனுக்கு."

"மறக்க மாட்டனுங்க. பக்கத்துலதான் இருக்காரு."

சரசரவென்று போன் கை மாறிற்று. கதவு சாத்துகிற சத்தம். பியூலா மூக்கை உறிஞ்சுகிறது, அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் கேட்டிருக்கிறது. "அங்கிள்..." என்றது. "உங்களைத் தெரியலையே அங்கிள்." "தெரியலம்மா." "ஆனா அழலை. தட்டுல பருக்கை எடுத்து வெக்கறாரே, இப்ப அதைக் கலைச்சுட்டு மறுபடி வெச்சுட்டிருக்காரு. சிரிச்சுக்கிட்டே வெக்கறாரு." நான் பேப்பரைத் தொடைமேல் வைத்து நீவிவிட்டேன். "அங்கிள், அடுத்த ஞாயித்துக்கிழமையும் ஏதாச்சும் சந்தேகம் இருக்குமா உங்களுக்கு?" என்றது. "நிறைய இருக்கும்மா" என்றேன். "அப்ப நான் போடறேன். கோயமுத்தூர்ல இருந்து ஒருத்தர்னு சொல்றேன்." வைத்துவிட்டது.

கோயமுத்தூரிலிருந்து ஒருத்தர். அது நான். இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அந்த ஒருத்தர். அவனுக்குள்ளே ஒரு வெள்ளிங்கிரி லைன் வீட்டில் உட்கார்ந்து நட்சத்திரம் தேடிக்கொண்டிருக்கிறான், அவனுக்கு நான் சேதி கொண்டுபோகிற ஆள். அந்த வெள்ளிங்கிரி நன்றாகத்தான் இருக்கிறான்போல, அவனை யாரும் மறக்கவில்லை. இந்தப் பக்கம் இருக்கிறவனுக்குத்தான் இனி ஒரு 'டா' கிடைக்காது. பக்கத்து வீட்டில் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள், தட்டுகள் தரையில் வைபடுகிற சத்தம் ஒன்று, இரண்டு, மூன்று என்று கேட்கிறது, ஒரு குழந்தை எனக்கு ஈரல் என்கிறது. புனாவுக்கு ரயிலில் எத்தனை நேரம் என்று நசீமாவிடம் கேட்டால் சொல்லும். போய் எதிரில் நின்றால் யாருங்க என்பான். இங்கே போனில் கேட்கிற யாருங்கவுக்கும் நேரில் கேட்கிற யாருங்கவுக்கும் வித்தியாசம் இருக்குமோ. இருக்கும். முகத்தைப் பார்த்துக் கேட்பான். அதை இப்போது யோசிக்க வேண்டாம். முதலில் சேதியைச் சேர்க்க வேண்டும், சொல்லிடறனுங்க என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

எல்லாப் புள்ளியையும் அழித்தேன். திரை இருட்டிப்போய் நடுவில் சூரியன் மட்டும் நின்றது, சுற்றிலும் ஒருத்தரும் இல்லாமல். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை, சட்டென்று பேப்பரின் ஓரத்தில் பென்சிலால் போட்டேன், ஒன்றை புள்ளி ஏழு ஏழால் வகுத்தேன், பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் கிளாஸில் அடி வாங்கின வகுத்தல், மீதி வந்துகொண்டே இருந்தது, ஒண்ணு புள்ளி இரண்டு ஒன்பது, போதும். கோடு சிமிட்டிற்று. பெயர் கேட்டது. கொடுத்தேன். திசை கேட்டது, திசை கேட்டது, ஒற்றை விரலால் கொடுத்தேன். நாலாவதைக் கேட்டது.

"ஒண்ணை அதால வகுக்கணுமாமா, வெள்ளிங்கிரி" என்று சத்தமாகவே சொன்னேன். "அவன் சொல்லச் சொன்னான்டா."

கொடுத்தேன். சூரியனுக்குப் பக்கத்தில், இந்தப் பக்கமாக, ஒரு புள்ளி வந்து நின்றது.